கல்யாணமய்யர் பேரில் ஒரு கார்

தை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. வருடம் 1972. நீடாமங்கலத்தைச் சுற்றி எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழுவது இரண்டே விஷயம். ஒன்று அறுவடைக் கூலி, இன்னொன்று நில உச்சவரம்பு. பதினைந்து ஏக்கருக்கு மேல் இருந்தால் போய்விடும் என்று சட்டம் வந்ததிலிருந்து, மிராசுதார்கள் மிச்ச நிலத்தை மைத்துனர் பேரிலும் மாட்டுக்காரர் பேரிலும் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்த்தார்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்தவர்களில் முக்கியமானவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இராஜாங்கம்.

அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் பினாமி என்று பேச்சு எடுத்தால் அவர் பேரில்தான் வந்து நிற்கும். ஒரு முறை, ஒரு வேலி நிலம் 'மணி' என்பவர் பேரில் இருப்பதைப் பார்த்து அந்த மணியை நேரில் விசாரிக்கப் போனார். மணி வாசலில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார். இராஜாங்கத்தைப் பார்த்ததும் குரைத்தார். இராஜாங்கம் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. 'பட்டாதாரருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது' என்று கோப்பில் எழுதிவிட்டு வந்துவிட்டார். அந்தக் கோப்பைப் படிப்பதற்காகவே தஞ்சாவூரிலிருந்து ஆட்கள் வந்தார்களாம்.

அன்று காலை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கில் சிவப்புக்கல் பொட்டு, கையில் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து யூனுஸ் ஓடி வந்துவிட்டான். பம்புசெட் எஞ்சின் பழுது பார்ப்பதுதான் யூனுஸின் தொழில். ஆனால் இராஜாங்கத்தைத் தேடி யாராவது வந்தால் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்துவிடுவான். வயது முப்பத்தைந்து, நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவனுக்கு நினைவிருக்காது.

"உட்காருங்கம்மா. மோர் சாப்பிடறீங்களா?" என்றார் இராஜாங்கம்.

"வேணாங்க. எம் பேரு தர்மாம்பாள். கொழும்பு, பினாங்கெல்லாம் போய் வாசிச்ச தென்கரை நாயனக்காரர் கோவிந்தராசு பிள்ளை மக. நானும் நாயனம்தான் வாசிக்கிறேன்." துணி சுற்றியிருந்த நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஆத்துக்கு இந்தப் பக்கம் வடகரைமங்கலம் இருக்குல்ல, அங்க கல்யாணமய்யர் வீட்டுக் கொட்டகையில ஒரு காரு நிக்குது. அது எங்க அப்பா காரு. வர்ற வெள்ளிக்கிழமை அதை லாரியில ஏத்தி மெட்ராசுக்குக் கொண்டு போறாங்க."

"டெய்ம்லர்!" என்று கத்தினான் யூனுஸ். "அய்யோ சார், அந்த வண்டியா? மேல்கூடு மொத்தமும் பர்மா தேக்கு. நான் கொட்டகைச் சந்து வழியா மூணு தடவை எட்டிப் பாத்திருக்கேன்!"

இராஜாங்கம் அவனைக் கையமர்த்தினார். "ஆர்.சி. புத்தகம் யார் பேர்ல இருக்கும்மா?"

"கல்யாணமய்யர் பேருல."

"வாங்கின ரசீது?"

"இல்லீங்க."

"சாட்சி?"

"யாரும் இல்லீங்க. அப்பா தவறி இருபத்திமூணு வருஷம் ஆச்சு, ஐயரும் போய்ச் சேர்ந்துட்டாரு. 'வண்டி ஐயர்கிட்ட நிக்குது, ஆனா நம்ம வண்டிதான்'னு அப்பா கடைசியா அம்மாகிட்ட சொன்னாராம். அம்மா சொல்லி நான் கேட்டது; சின்னதுல வண்டி வாசல்ல வந்து நிக்கறப்பல்லாம் ஐயர் அனுப்பினதுன்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "மெட்ராசுல ஒருத்தர் பழைய கார் எல்லாம் வாங்கிக் கண்காட்சி வெக்கிறாராம். அவரு கேட்டார்னு, ஐயர் மகன் வண்டியோட வரலாறை ஒரு தாள்ல எழுதியிருக்காரு. யாரு கட்டினது, யாரு வெச்சிருந்ததுன்னு. அதைக் கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்க. எங்க அப்பா பேரு அதுல எங்கயும் இல்ல. 'உங்கப்பன் மிராசுதார் வண்டியில ஓசிச் சவாரி போனவருதானே'ன்னு இப்பவும் என்னைக் கேக்கறாங்கய்யா. ரெண்டு மணி நேரம் வாசிச்சுட்டு இறங்கறேன், அதுக்கப்புறம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்கு வண்டி வேணும். அதைவிட, அது யாரு வண்டின்னு நாலு பேர் முன்னால யாராவது சொல்லணும்."

சொல்லி முடித்ததும் தர்மாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

"பேப்பர் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கே சார்," என்று முணுமுணுத்தான் யூனுஸ்.

"பேப்பரைப் பார்த்து நான் எந்த நிலத்தையும் முடிவு பண்ணினதில்லை யூனுஸ். வயலுக்குப் போவேன். யார் நாத்து விட்டது, யார் மடை திறந்தது, யார் வீட்டுக்கு நெல் போச்சுன்னு பார்ப்பேன். அனுபோகம் யாருடையதோ சொத்து அவருடையது. வண்டியையும் போய்ப் பார்த்துடுவோம்."

*

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் மூவரும் வடகரைமங்கலம் போய் இறங்கினார்கள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் வாய்க்கால் மதகு. மதகைத் தாண்டி அரை மைல் போனால் அக்ரகாரம். அக்ரகாரத்தின் கடைசியில் கோயில். கோயிலுக்குப் போக வேறு வழி கிடையாது. இருபுறமும் சம்பா அறுப்பு மும்முரமாக நடந்தது. வரப்புகளில் செங்கொடி பறந்தது. கூலி பேசி முடிந்துவிட்டதால், கொடிக்குக் கீழேயே உட்கார்ந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தர்மாம்பாள் கோயில் வாசல் அரசமரத்தடியில் நின்றுவிட்டார். கூப்பிடாத வீட்டுக்குள் வரமாட்டேன் என்றார். மற்ற இருவரும் கல்யாணமய்யர் வீட்டுக்குப் போனார்கள்.

கல்யாணமய்யரின் மகன் வாஞ்சிநாதனுக்கு வயது முப்பத்திரண்டு. பம்பாயில் பாங்க் உத்தியோகம்; அறுவடைக்காக லீவில் வந்திருந்தார். வில்லன் மாதிரி ஒருவரை எதிர்பார்த்துப் போன யூனுஸுக்குப் பெரிய ஏமாற்றம். வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் வாஞ்சிநாதன் முகம் சுளிக்கவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார்.

"தாராளமா பாருங்கோ. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்லை. அந்த அம்மா சொல்றதைக் கேட்டா பாவமாத்தான் இருக்கு. ஆனா, சார், ஆர்.சி.யில முதல் பக்கத்துலேர்ந்து அப்பா பேர்தானே இருக்கு? நான் என்ன பண்ணட்டும்?"

கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். யூனுஸ் உள்ளே நுழைந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். கறுப்பும் அரக்குமாக, ஒரு சிறிய வீட்டின் முன்கூடம் அளவுக்கு நீண்டிருந்தது கார். தூசி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

அந்தத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் வீரையன். அறுபத்தைந்து வயது. தோளில் சிவப்புத் துண்டு. கூலிப் பேச்சுவார்த்தையில் மிராசுதார்களுக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் அவர்தான்.

"வீரையன் தென்கரைக்காரர். இந்த வண்டியை ஓட்டினது இவர் ஒருத்தர்தான்," என்றார் வாஞ்சிநாதன். "போன வாரம் முழுக்கக் கூலிக்காக என்னோட சண்டை போட்டார். வண்டி போறதுக்கு முன்னாடி ஒரு தடவை துடைச்சுக் கொடுக்கறேன்னு இன்னிக்கு அவரே வந்துட்டார்."

"சண்டை வேற, வண்டி வேற தம்பி," என்றார் வீரையன்.

வாஞ்சிநாதன் தம் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். இராஜாங்கம் மெதுவாகப் படித்தார். 1938இல் சீமையிலிருந்து சேசிஸ் மட்டும் தருவிக்கப்பட்டது. சென்னையில் தனியாக மேல்கூடு கட்டப்பட்டது. மிராசுதார் கல்யாணமய்யர் சொந்த உபயோகத்துக்காகத் தாமே அளவு சொல்லிக் கட்டியது. அவர் காலத்துக்குப் பின் மகன் வசம். ஒரே குடும்பம், ஒரே கை.

"அளவு சொல்லிக் கட்டினதுன்னு எழுதியிருக்கீங்களே, அதையெல்லாம் காட்டுங்களேன்," என்றார் இராஜாங்கம்.

வாஞ்சிநாதன் உற்சாகமாகக் காட்டினார். பின் சீட்டுக்குப் பக்கவாட்டில், கதவை ஒட்டி, மூடி போட்ட நீளமான பெட்டி ஒன்று மரத்திலேயே குடையப்பட்டிருந்தது. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தார்கள். மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம்; ஒரு முனை ஒடுக்கம், மறுமுனை வட்டமாக அகன்றது. இரண்டு முனைகளிலும் மூடியில் சின்னச் சின்னத் துளைகள்.

"அப்பாவோட துப்பாக்கிப் பெட்டி."

"துப்பாக்கி!" என்று யூனுஸ் இராஜாங்கத்தின் முழங்கையைப் பிடித்தான். அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால், தரையில் இரண்டு பள்ளங்கள். உள்ளே தோல் தைத்து, வார் மாட்டியிருந்தது. பீப்பாயைப் படுக்க வைத்தால் எப்படி அமருமோ அந்த வடிவம். அவை தண்ணீர்க் கூஜா வைப்பதற்காக என்றார் வாஞ்சிநாதன்.

"இதுதான் எல்லாத்தையும்விட அழகு," என்று முன்பக்கக் கதவைத் திறந்தார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் எதிரே, தேக்குப் பலகையைக் குடைந்து வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு மாடம் செய்திருந்தது. ஓரத்தில் வெள்ளிக்கம்பி இழைப்பு. "அப்பாவோட வெத்தலைப் பெட்டி இன்னும் ஆத்து அலமாரியில இருக்கு. எடுத்துண்டு வந்து வெச்சா கச்சிதமா உட்காரும். பெட்டியைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லிருக்கார்."

இராஜாங்கம் மாடத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வீரையன் பக்கம் திரும்பினார்.

"அந்தக் காலத்துல எங்கெல்லாம் ஓட்டுவீங்க?"

"அதிகம் திருவிழாவுக்குத்தாங்க. ஐயா மதகுகிட்ட நிப்பாரு. ஏத்திக்கிட்டு, தெரு வழியா வந்து, கோயில் வாசல்ல..." வீரையன் சட்டென்று நிறுத்தினார். துடைத்த விளக்கையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"கோயில் வாசல்ல?"

"இறக்கிவிடுவேன். அவ்வளவுதாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

இராஜாங்கம் தலையாட்டினார். "கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்று வாஞ்சிநாதனிடம் கேட்டார்.

அவர் மோர் கேட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். யூனுஸுக்கு அது தெரியும். ஆனால் எப்படி முடிந்தது என்று தெரியாமல் தவித்தான். "சார், துப்பாக்கி வெச்சு யாரையோ மிரட்டி வண்டியை எழுதி வாங்கியிருக்காங்க. சரியா?" என்று காதில் கேட்டான்.

"போய் தர்மாம்பாளைக் கூட்டிட்டு வா. நாயனத்தோட."

"அவங்க வந்திருக்காங்களா? ஏன் வெளியில நிக்க வெச்சேள்?" என்று பதறினார் வாஞ்சிநாதன். யூனுஸுக்கு முன்னால் அவரே வாசலுக்கு ஓடினார்.

*

கொட்டகையில் ஐந்து பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். இராஜாங்கம் மோர் டம்ளரை மட்கார்டு மேல் வைக்கப் போனார். யூனுஸ் பதறிப் போய் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

"முதல்ல இந்தப் பெட்டி," என்றார் இராஜாங்கம். "துப்பாக்கிப் பெட்டிக்கு மூடியில துளை எதுக்கு? காத்து ஈரமா வந்தா இரும்பு துருப்பிடிக்கும். காத்து வேண்டியது மரத்துக்கு. எச்சில் பட்டு நனைஞ்ச மரத்துக்கு ரொம்ப அவசியம். அம்மா, அதை வையுங்க."

தர்மாம்பாள் துணியை அவிழ்த்தார். நாயனத்தைப் பெட்டிக்குள் இறக்கினார். ஒடுக்கமான முனையில் குழல் படுத்தது. வட்டமான முனையில் அடிப்பாகத்து அணசு ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. அவர் கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார்.

"பின்னால இருக்கிற பள்ளத்துல கூஜாவை வெச்சா படுத்துக்கும், தண்ணி கொட்டிடும். படுக்க வெச்சு வார் போட்டுக் கட்டற சாமான் இந்த ஊர்ல ஒண்ணுதான். தவில். ஆக, இது மேளக்காரங்களுக்காகக் கட்டின வண்டி."

வாஞ்சிநாதன் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு நியாயமாகத்தான் கேட்டார். "சரி சார், ஒத்துக்கறேன். அப்பாவுக்குச் சங்கீதம்னா உயிர். பிள்ளையவாளை அழைச்சுண்டு வர, அவர் சௌகரியத்துக்குன்னு அப்பாவே வண்டி கட்டியிருக்கலாமே? வண்டி கட்டினவர் பேர்லதானே இருக்கும்?"

யூனுஸ் முகம் வாடிவிட்டது. தர்மாம்பாள் நிமிர்ந்து இராஜாங்கத்தைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. அதுக்குப் பதில் நீங்களே காட்டினீங்க," என்றார் இராஜாங்கம். "முப்பத்தெட்டுல ஒரு மிராசுதார் தன் சொந்தக் காருல எங்கே உட்காருவார்?"

"பின் சீட்டுலதான்."

"டிரைவருக்குப் பக்கத்துல?"

"சேச்சே. அங்க கணக்குப்பிள்ளையோ தவசிப்பிள்ளையோ உட்காருவா."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது வாஞ்சிநாதன் காதிலேயே விழுந்தது. அவர் முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"வெத்தலைப் பெட்டி மாடம் முன்னால இருக்கு," என்றார் இராஜாங்கம். "பின்னால வந்து ஒட்டவெச்சது இல்லை, பலகையோட சேர்ந்து குடைஞ்சது. அதாவது வண்டி கட்டறப்பவே, ஐயர் முன் சீட்டுலதான் உட்காரப் போறார்னு முடிவாயிருக்கு. பெட்டியைக் கொடுத்து அளவெடுத்தாங்கன்னு நீங்களே சொன்னீங்க. சரி, பின் சீட்டு அனுபோகம் யாருது? கைக்கெட்டற தூரத்துல நாயனப் பெட்டி யாருக்கு இருக்கோ அவருது. எந்த மிராசுதாரும் தன் வண்டியில அடுத்தவரைப் பின்னால உட்கார வெச்சுட்டு, தான் முன்னால உட்காரமாட்டார். அடுத்தவர் வண்டியில போனா உட்காரலாம்."

யூனுஸ் முன் சீட்டையும் பின் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னொண்ணு. எங்கெல்லாம் ஓட்டுவீங்கன்னு கேட்டேன். ஐயர் மதகுகிட்ட நிப்பார்னார் வீரையன். வண்டி இந்தக் கொட்டகையில நின்னிருந்தா, ஐயர் வாசல்லயே ஏறியிருப்பாரே? அரை மைல் நடந்துபோய் ஊருக்கு வெளியில எதுக்கு நிக்கணும்? வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கு. தென்கரையில, நாயனக்காரர் வீட்டு வாசல்லேர்ந்து."

எல்லோரும் வீரையனைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் எதுவும் சொல்லமாட்டேன்னு ஐயாகிட்ட காத்தாயி அம்மன் மேல அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்," என்றார் வீரையன்.

"எதைச் சொல்லமாட்டேன்னு?" என்று யூனுஸ் பாய்ந்தான்.

"அதைச் சொன்னா சொன்ன மாதிரி ஆயிடுமே!"

இராஜாங்கம் முதல் முறையாகச் சிரித்தார். "வேணாம், சத்தியத்தை மீற வேணாம். நான் சொல்லிக்கிட்டே போறேன். எங்கயாவது தப்பு வந்தா நீங்க ஒரு இருமல் இருமுங்க. சரியா இருந்தா பேசாம நில்லுங்க. பேசாம நிக்கறது சத்தியத்தை மீறினதாகாது."

வீரையன் யோசித்துப் பார்த்தார். அதில் குற்றம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக நின்றார்.

"கோவிந்தராசு பிள்ளை கொழும்பு, பினாங்கு எல்லாம் போய் வாசிச்சு, தன் சம்பாத்தியத்துல இந்த வண்டியைத் தருவிச்சார். மேல்கூடு அளவு சொன்னதும் அவர்தான்."

வீரையன் அசையவில்லை. ஆனால் காலையிலிருந்து கிளப்பிய தூசி முழுவதும் கொட்டகைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மூக்கு துடித்தது.

"அந்தக் காலத்துல மேளக்காரர் இந்தத் தெருவுல துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நடந்துதான் வரணும். கார்ல வந்தா தெருவே மறிச்சிருக்கும். கோயிலுக்கு வேற வழியும் இல்லை. ஆனா மிராசுதார் வண்டியை யார் மறிப்பா? அதனால கல்யாணமய்யர் வண்டியைத் தன் பேர்ல பதிவு பண்ணிக்கிட்டார். மதகுல வந்து முன்னால ஏறிக்கிட்டு, தெரு முழுக்கத் தன் முகம் தெரியற மாதிரி உட்கார்ந்து வந்தார். பார்த்தவங்களுக்கு, ஐயர் போற வண்டியில நாயனக்காரருக்கும் இடம் கொடுத்திருக்கார். உண்மையில, நாயனக்காரர் வண்டியில ஐயர் காவலுக்கு வந்தார்."

வீரையனுக்கு முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. தூசி தொண்டையில் இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, உயிரைக் கொடுத்து இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். தர்மாம்பாள் அவர் வாயையே பார்த்தபடி நின்றார்.

"பினாமி, பினாமின்னு முப்பது வருஷம் அலைஞ்சவன் நான்," என்றார் இராஜாங்கம். "பெரிய மனுஷர் சொத்து சின்ன மனுஷர் பேர்ல இருக்கும், அதைத்தான் தேடுவேன். திருப்பிப் போட்டுப் பார்க்க இந்த ஜில்லாவுல யாருக்கும் தோணாது. எனக்கும் இந்த மாடத்தைப் பார்க்கிறவரைக்கும் தோணலை. இது ஒண்ணுதான், அடுத்தவர் சொத்தைக் காப்பாத்த மிராசுதார் பினாமியானது. அவ்வளவுதான் வீரையன். இப்ப இருமலாம்."

வீரையன் இருமினார். ஐந்து நிமிடம் இருமினார். யூனுஸ் கையிலிருந்த மோரை வாங்கிக் குடித்துவிட்டு, "நான் எதுவும் சொல்லலை," என்றார். "எல்லாத்தையும் அவருதான் சொன்னாரு. காத்தாயி, நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே!" அதற்கப்புறம் முப்பது வருடத்துப் பேச்சும் மடை திறந்த மாதிரி வந்தது. "தர்மு, உங்கப்பா வாய்க்குள்ளயே ராகம் பிடிச்சுக்கிட்டே வருவாரும்மா வண்டியில. ஐயா முன்னால உட்கார்ந்துக்கிட்டு, வெளியில பாத்தா கல்லு மாதிரி இருப்பாரு, உள்ள தொடையில தாளம் போட்டுக்கிட்டு வருவாரு. தெரு திரும்பினதும் ரெண்டு பேரும் சிரிப்பாங்க பாரு, எனக்கு ஸ்டியரிங் ஆடும்! பிள்ளை உடம்பு முடியாம படுத்ததும் வண்டி இந்தக் கொட்டகைக்கு வந்துடுச்சு, அவரு போனப்புறம் ஐயா அதை உங்கம்மாகிட்ட அனுப்பினாரு. நான்தான் கொண்டுபோனேன். 'ஊரு என்னங்கும், ஓட்ட ஆள் ஏது, அங்கயே இருக்கட்டும்'னு உங்கம்மாதான் திருப்பி அனுப்பினாங்க."

தர்மாம்பாள் அழுதார். சிரிப்பும் கூடவே வந்ததால் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாஞ்சிநாதன் காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா ரொம்ப பயந்தவர்னு நான் நினைச்சுண்டிருந்தேன்," என்றார். "யார்கிட்டயும் உரக்கப் பேசமாட்டார். ஊர் சொன்னா சரின்னுடுவார். அதனால அவர்மேல எனக்குக் கோபம்கூட உண்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அப்புறமாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா. சொல்லலை. அது அவர் தப்பு. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"நீங்க எதுக்குங்க," என்றார் தர்மாம்பாள். "அவரு இல்லாட்டி எங்கப்பா நடந்தில்ல வந்திருப்பாரு."

வாஞ்சிநாதன் தாளை வாங்கிக் கிழித்தார். சென்னைக்காரருக்குத் தந்தி அடிக்க வாசகம் கேட்டபோது, 'வண்டி விற்பனைக்கு இல்லை, சொந்தக்காரர் வந்துவிட்டார்' என்று இராஜாங்கம் சொன்னார். ஆர்.சி. மாற்ற மனு எழுதவும் அவரே உட்கார்ந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே யூனுஸ் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுவிட்டான். எண்ணெய் வாங்கி வரச் சொன்னான்; பாட்டரிக்கு டிராக்டரை நிறுத்தினான்; டயருக்குக் காற்றடிக்க நாலு பேரைக் கூப்பிட்டான். பிற்பகல் மூன்று மணிக்கு, உறுதிமொழி கொடுக்கிறவன் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தள்ளினால் கிளம்பிவிடும் என்றான்.

வீரையன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். தர்மாம்பாள் பின் சீட்டில் ஏறினார். அறுப்புக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்து பின்னால் கை வைத்தார்கள். வாஞ்சிநாதனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் நடுவில் புகுந்தார். இராஜாங்கத்தை யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போய் மட்கார்டில் தோளைக் கொடுத்தார்.

அக்ரகாரத்தின் ஒரு கோடியிலிருந்து கார் மெதுவாக நகர்ந்தது. கிளம்பவில்லை. பாதித் தெரு வரைக்கும் தள்ளினார்கள். கிளம்பவில்லை. "செகண்ட் போடுங்க, செகண்ட் போடுங்க!" என்று யூனுஸ் பக்கத்தில் ஓடினான். எதிரே நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு வந்தது. வெளியூர் வண்டிக்காரர். அவ்வளவு பெரிய காரையும், அதன் பின்னால் சிவப்புத் துண்டும் பூணூலும் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வருவதையும் பார்த்து மாட்டை நிறுத்திவிட்டார்.

"யாரு வண்டிங்க இது?" என்று கேட்டார்.

வாஞ்சிநாதனுக்கு மூச்சு வாங்கியது. முகமெல்லாம் வியர்வை. வீட்டு வாசல்களில் ஒவ்வொருவராக வந்து நிற்பதை அவர் பார்த்தார். தலையை உயர்த்தி, அந்தத் தெருவில் தம் அப்பா ஒருநாளும் பேசாத சத்தத்தில் கத்தினார்.

"தென்கரை கோவிந்தராசு பிள்ளை வண்டி! வழி விடு!"

வண்டிக்காரர் மாட்டை ஓரம் கட்டினார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பெரிய சத்தத்துடன் கிளம்பி, தள்ளினவர்கள் எல்லோரையும் புகையில் விட்டுவிட்டுப் போயிற்று.